நாற்பது ரூபாய் ஸ்பேர் டயர்

திருப்பதிக்கு வந்து உண்டியலில் காசு போடாமல் திரும்பியவர்கள் நாலைந்து பேராவது இருக்கக்கூடும். எங்கள் கண்டக்டருக்கு மெயின்டனன்ஸ் கட்டாமல் தப்பித்தவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். ஏனென்றால் தப்பிக்க முயன்றவர்களில் நானும் ஒருவன்.

பெற்றவர்கள் அவருக்கு ஏதோ பெருமாள் பெயராகத்தான் வைத்திருப்பார்கள். எங்கள் அபார்ட்மென்டில் யாருக்கும் அது தெரியாது, தெரிந்துகொள்ளும் அவசியமும் வரவில்லை. திருப்பதியிலிருந்து புத்தூர், நாராயணவனம் வழியாகச் சத்தியவேடு போகும் பஸ்ஸில் இருபத்தெட்டு வருடம் டிக்கெட் கிழித்தவர். நின்று நின்று முட்டி தேய்ந்துபோய், ஓய்வுக்கு ஒரு வருடம் முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, வந்த பணத்தில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு வாங்கினார். அவர் வேலையை விட்டாரே தவிர, வேலை அவரை விடவில்லை. லிஃப்டில் நாலு பேர் ஏறினால், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் காலியா கீது" என்பார். கதவு சாத்தியதும் "ரைட்" சொல்லாமல் பொத்தானை அழுத்த மாட்டார்.

அது தொண்ணூறுகளின் கடைசி. திருப்பதியைச் சுற்றிக் கடலைக்காய் விளைந்த நிலத்திலெல்லாம் அபார்ட்மென்ட் விளைந்துகொண்டிருந்தது. பையன் அமெரிக்காவில் கம்ப்யூட்டரைத் தட்டினால் இங்கே அப்பா பெயரில் ஒரு ஃபிளாட் எழும்பும். நான் நகரிக்காரன். தறிச் சத்தத்தில் பிறந்து, மருந்துக் கம்பெனி ரெப்பாக டை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவன். எனக்கும் இரண்டாவது மாடியில் ஒரு வீடு அமைந்தது. தரைத்தளம் சேர்த்து நாலு தளம், தளத்துக்கு நாலு வீடு, ஆக மொத்தம் பதினாறு. எங்களில் ஒருவருக்கும் அதற்கு முன் அபார்ட்மென்டில் குடியிருந்த அனுபவம் கிடையாது.

முதல் வருடம் பில்டரே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். தண்ணீர் தானாக மேலே ஏறுகிறது, படிக்கட்டு விளக்கு தானாக எரிகிறது, குப்பை தானாக நடந்து போகிறது என்று நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம். வருடம் முடிந்த மறுநாள், வாட்ச்மேன் முனியப்பன் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் பில்டர் அடுத்த கட்டடத்துக்குப் பூமி பூஜை போடப் போய்விட்டார். ஒரு மாதம் கழித்து, பொது மீட்டருக்குப் பணம் கட்டவில்லை என்று ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். லிஃப்ட் நின்றது. மோட்டார் நின்றது. எல்லாரும் கார் நிறுத்தும் இடத்தில் கூடினோம்.

முதலில் வாயைத் திறந்தவர் தரைத்தளத்து மண்டிக்காரர். சித்தூரில் வெல்ல மண்டி வைத்திருந்தவர், பிள்ளைகளின் படிப்புக்காகத் திருப்பதிக்கு வந்தவர். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பது அவர் வழக்கம்.

"இல்லு கொன்னாமு, ரிஜிஸ்ட்ரேஷன் அய்ப்போயிந்தி. வாங்கிப் பதிவும் முடிச்ச சொந்த வீட்டுக்கு மாசா மாசம் இன்னாத்துக்குய்யா துட்டு? இது இன்னா, வாடகையா?"

அதே சந்தேகம் எனக்கும் இருந்தது. டை கட்டியவன் கேட்டால் மரியாதையாக இருக்காதே என்று பேசாமல் நின்றேன்.

கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவில் வந்தார்.

"சார், கதவுக்கு உள்ள கீறது உங்க வூடு. கதவத் தாண்டினா அல்லாம் பஸ்ஸு. படிக்கட்டு, மோட்டாரு, மேல் டேங்கு, லிஃப்ட்டு, வாட்ச்மேன், சாக்கடை, அல்லாம். பஸ்ஸ வாங்கிட்டா மட்டும் ஓடிடுமா? டீசல் யாரு ஊத்துவான்? டிரைவருக்குச் சம்பளம் யாரு குடுப்பான்? அதுக்குத்தான் டிக்கெட்டு."

முதல் மாடியில் ஒரு லெக்சரர் இருந்தார். தனியார் ஜூனியர் காலேஜில் ஃபிசிக்ஸ் நடத்துபவர். அவர் விரலை உயர்த்தினார். "நான் லீவுக்கு ஊருக்குப் போயிடறேன். ரெண்டு மாசம் வீடு பூட்டியே கிடக்கும். அப்பவுமா?"

"சீட்ட ரிசர்வ் பண்ணிட்டு நீங்க வரலன்னா பஸ்ஸு நிக்குமா சார்? இல்ல, டீசல்தான் கொறையுமா?"

லெக்சரர் விரலை மடக்கிக்கொண்டார். அந்த நிமிடமே கண்டக்டர் செக்ரட்டரி ஆனார். வீட்டுக்கு முந்நூறு ரூபாய் என்று முடிவாயிற்று.

ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்குத் தோல் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்புவார். ரசீது எழுதும் வேகத்தைப் பார்த்தால் பின்னால் செக்கிங் இன்ஸ்பெக்டர் வருகிறாரோ என்று தோன்றும். ஒரு மாதம் கையில் பணம் இல்லாமல் நான் குளியலறையில் புகுந்து தாழ் போட்டுக்கொண்டேன். அவர் ஹாலில் உட்கார்ந்து, என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "சார் நிதானமா குளிக்கட்டும்மா. ஒரு ஆளு குளிக்க எவ்ளோ தண்ணி செலவாவுதுன்னு நானும் பாத்துக்கினே இருக்கேன்." பத்தாவது நிமிடம் ஈரமே இல்லாத தலையோடு வெளியே வந்தேன்.

யாருக்கும் சலுகை கிடையாது. அவருடைய வீடு அவர் மனைவி சாவித்திரி அக்காவின் பெயரில் பதிவாகியிருந்தது. ஒரு மாதம் அக்கா ஊர்த் திருவிழாவுக்குப் போய் நாலாம் தேதிதான் திரும்பினார். வந்து பார்த்தால், அறிவிப்புப் பலகையில் பாக்கிதாரர் பட்டியல். பட்டியலில் ஒரே ஒரு பெயர். அதுவும் இனிஷியலோடு.

"கட்டின பொண்டாட்டி பேர போர்டுல ஒட்டுவியாய்யா நீ?" என்று அக்கா படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஓனரு நீதான? நான் ஒட்டாம வுட்டா நாளைக்கி இந்த மண்டிக்காரரு இன்னா கேப்பாரு?"

அக்கா பணத்தைக் கட்டினார். ஆனால் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. கண்டக்டர் தெருமுனை மெஸ்ஸில் தின்றுவிட்டு வந்து, "சாம்பார்ல உப்பு கம்மி" என்று என்னிடம் மட்டும் முறையிட்டார்.

அவர் பயந்தது போலவே, மண்டிக்காரர்தான் பெரிய போர் தொடுத்தார். தரைத்தளத்தில் இருப்பவன் லிஃப்டுக்கு எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்பது கேள்வி. ஐம்பது ரூபாயைக் கழித்துக்கொண்டு இருநூற்றைம்பதை நீட்டினார்.

"முன் சீட்டுல குந்திக்கினு வர்றவன், பின் டயருக்கு நான் துட்டு குடுக்க மாட்டேன்னு சொல்ல முடியுமா சார்?"

"உனக்கு முட்டி நொப்பி, வலி. உன் முட்டிக்கு நான் இன்னாத்துக்குக் கட்டணும்?"

கண்டக்டர் முகம் சுருங்கிப் போனது. அன்றிலிருந்து அவர் லிஃப்டில் ஏறவில்லை. மூன்று மாடியும் படிக்கட்டுதான். ஒவ்வொரு மாடி முனையிலும் நின்று, வலது காலை உதறி, அடுத்த வரிசையில் ஏறுவார். நாங்கள் லிஃப்டைத் திறந்து வைத்துக்கொண்டு கெஞ்சுவோம். "நீங்க போங்க சார், நான் அடுத்த வண்டில வரேன்" என்பார். மண்டிக்காரரிடம் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். பணம் கட்டாத வீட்டார் ஒருவரும் லிஃப்டைத் தொடக்கூடாது. "எங்களுக்கு அக்கரலேது, தேவையே இல்ல" என்று மண்டிக்காரர் மீசையை நீவிக்கொண்டார்.

ஏழு மாதம் ஓடியது. சித்திரை வெயில் வந்தது. வெயில் வந்தால் வடாம் வரும். வடாம் பிழிய மொட்டை மாடி வேண்டும். மண்டிக்காரர் மனைவி விடியற்காலையில் அண்டா நிறையக் கூழைச் சுமந்துகொண்டு மாடிகளை ஏறினார். பாயை மறந்துவிட்டு இறங்கினார். பாயோடு ஏறினார். குடை எடுக்க இறங்கினார். காக்காய் விரட்ட ஏறினார். சாயங்காலம் அள்ளி வர மறுபடியும் ஏறினார். மூன்றாவது நாள் அண்டாவை மாடிப்படியிலேயே இறக்கி வைத்துவிட்டு, கண்டக்டர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"இந்தாங்க அண்ணா, ஏழு மாசத்து லிஃப்ட்டு துட்டு. இனிமே அவர அடகொத்து, கேக்கவே வேணாம். என்னக் கேளுங்க."

கண்டக்டர் ரசீது எழுதிக் கொடுத்தார். பிறகு தாமே அண்டாவைத் தூக்கி லிஃப்டில் வைத்து, தாமும் ஏறி, "ரைட்" என்றார். ஏழு மாதத்துக்குப் பிறகு அவர் லிஃப்டில் ஏறியது அன்றுதான்.

இப்படி எல்லாப் போரிலும் ஜெயித்தவர், நாற்பது ரூபாயில் தோற்றார்.

லிஃப்ட் சண்டை முடிந்து, அந்த வருட ஐப்பசியில் மெயின்டனன்ஸை முந்நூற்று நாற்பது ஆக்கினார். கேட்டதற்கு, "ஸ்பேர் டயர் சார்" என்றார். மாதச் செலவுக்கு முந்நூறு போதும்; ஆனால் மோட்டார் எரிந்தால், போர்வெல் வற்றினால், அன்றைக்கு யாரிடம் போய் நிற்பது? அதற்காகத் தனியாகச் சேர்க்கிற பணம் அது. மூன்று வருடம் முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம். மூன்று வருடத்தில் ஒன்றும் எரியவில்லை, ஒன்றும் வற்றவில்லை. எரியாத மோட்டாருக்கு எதற்குப் பணம் என்ற பேச்சு மெல்லக் கிளம்பியது. அந்தப் பணம் எங்கே என்ற பேச்சு அதற்குப் பின்னால் வந்தது.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கூட்டம். லெக்சரர் கரும்பலகை இல்லாத குறையாகக் கணக்குப் போட்டார். வீட்டுக்கு நாற்பது, பதினாறு வீடு, முப்பத்தாறு மாதம். "இருபத்து மூவாயிரத்து நாற்பது ரூபாய். எங்கே சார் அது?"

"பேங்க்ல கீது."

"பேப்பரைக் காட்டுங்க."

"காட்ட மாட்டேன்."

கூட்டத்தில் சலசலப்பு. கண்டக்டர் அசையவில்லை. "பஞ்சர் ஆன அன்னிக்கிக் காட்டுறேன். இப்பக் காட்டினா தீபாவளிக்கிப் பிரிச்சித் துன்னுடுவீங்க. ஸ்பேர் டயர வித்துப் பட்டாசு வாங்குவீங்க. உங்கள எனக்குத் தெரியாதா?"

இதைவிட மோசமான பதிலை ஒரு மனிதர் சொல்லியிருக்க முடியாது. லெக்சரர், தான் செக்ரட்டரியானால் மாதம் நூறு ரூபாய் குறைப்பதாகச் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னார்கள். பதினோரு கை உயர்ந்தது. அதில் ஒன்று என்னுடையது.

ஏன் தூக்கினேன் என்று இன்றைக்கும் என்னால் நேராகப் பதில் சொல்ல முடியாது. நூறு ரூபாய் ஒரு காரணம். பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கியது இன்னொரு காரணம். கண்டக்டர் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தார், பஸ்ஸில் தலை எண்ணுவது போல. என் கையில் ஒரு நொடி நின்று, அடுத்த கைக்குப் போனார்.

"நான் எறங்கிக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் பையையும் கணக்கு நோட்டையும் லெக்சரர் கையில் கொடுத்தார். "கடைசிப் பக்கம் வரைக்கும் படிங்க" என்றார். லெக்சரர் தலையாட்டினார். படிக்கவில்லை.

இருநூற்று நாற்பது ரூபாய் ஆட்சி ஆனந்தமாகத்தான் தொடங்கியது. குறைத்த நூறில் ஸ்பேர் டயர் நாற்பது போக, மீதி அறுபது எங்கிருந்தோ வர வேண்டுமே, முனியப்பன் சம்பளத்திலிருந்து வந்தது. முனியப்பன் பெங்களூர்ப் பாதையில் குப்பம் ஊர்ப் பக்கம் குடுபல்லிக்காரன். சம்பளம் பாதியான இரண்டாவது மாதம் மனைவியோடு மூட்டை கட்டினான்.

"பெங்களூர்ல கட்டட வேல கீதாம் சார், போறோம். மோட்டார மட்டும் பாத்துக்குங்க. போர்ல தண்ணி கம்மியா கீது, அரை மணிக்கு மேல ஓட வுடாதீங்க."

இதை அவன் சொன்னது லெக்சரரிடம். லெக்சரருக்குப் பரீட்சை சமயம். பங்குனி மாதம் ஒரு நாள் காலை யாரோ மோட்டாரைப் போட்டார்கள், யாரும் நிறுத்தவில்லை. கீழே தண்ணீர் தீர்ந்து காற்றைக் குடித்துக்கொண்டே நாலு மணி நேரம் ஓடி, மோட்டார் எரிந்து போனது. வந்து பார்த்த மெக்கானிக், புது மோட்டார் வேண்டும், குழாயும் இன்னும் கீழே இறக்க வேண்டும் என்று கையை விரித்தார். பெட்டியில் இருந்த பணம் லிஃப்டுக்கு எண்ணெய் விடக்கூடப் போதாது.

வீட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு வேண்டும் என்று லெக்சரர் கேட்டார். "முதல்ல அவங்களக் கட்டச் சொல்லுங்க" என்று ஒவ்வொரு வீட்டிலும் அடுத்த வீட்டைக் கை காட்டினார்கள். நாலு நாள் தண்ணீர் இல்லை. பையனை அமெரிக்காவில் வைத்திருக்கும் அப்பா ஒருவர், பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு தெருக்குழாயில் குடத்தோடு நின்றார். நான் மனைவியையும் பிள்ளைகளையும் நகரிக்கு பஸ் ஏற்றிவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை அழைப்பு மணி அடித்தது. கண்டக்டர். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதம். கூட்டத்துக்குப் பிறகு அவரோடு நேருக்கு நேர் நிற்பது அதுதான் முதல் தடவை.

"உங்க கையெழுத்து வேணும் சார்."

"என் கையெழுத்தா? எதுக்கு?"

வாங்கிப் பார்த்தேன். பேங்க் டெபாசிட் ரசீது. சங்கத்தின் பெயரில். வட்டியோடு இருபத்தைந்தாயிரத்துக்கு மேல். பணத்தை எடுக்க இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று அவர். இன்னொன்று நான்.

"நான் எப்போ போட்டேன் இதுல?"

"மூணு வருசம் ஆவுது. காலைல நீங்க பைக்க ஒதைச்சிக்கினு இருந்தீங்க. 'படிச்சிட்டுப் போடுங்க சார்'னு சொன்னேன். 'உங்க மேல இல்லாத நம்பிக்கையா கண்டக்டர்?'னு கேட்டுட்டுப் போட்டீங்க."

எந்தப் பணம் எங்கே என்று கையைத் தூக்கினேனோ, அந்தப் பணத்துக்குப் பாதிக் காவல்காரன் நான்தான்.

"அன்னிக்கிக் கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா உங்களயும் சேத்துத் திருடன்னு சொல்லியிருப்பாங்க. உங்களுக்கு டாக்டருங்ககிட்ட போற வேல. பேரு முக்கியம் சார். டெபாசிட் நம்பர நோட்டு கடைசிப் பக்கத்துல எழுதித்தான் குடுத்தேன், யாரும் பொரட்டல." பேனாவைத் திறந்து நீட்டினார். "போடுங்க. பேங்க் தெறக்குற நேரம்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "இந்த வாட்டியாவது படிச்சிட்டுப் போடுங்க" என்றார். எழுத்து எழுத்தாகப் படித்தேன். கண்ணில் நீர் கட்டியதால் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் தண்ணீர் வந்தது. குழாயைத் திறந்ததும் முதலில் புஸ்ஸென்று காற்று, பிறகு செம்மண் கலர், பிறகு தண்ணீர். பதினாறு வீட்டிலும் ஒரே நேரத்தில் பெண்கள் கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. அந்த வாரமே கண்டக்டர் பெங்களூருக்கு பஸ் ஏறி, எந்தக் கட்டடத்திலோ சாந்து சுமந்துகொண்டிருந்த முனியப்பனைத் தேடிப் பிடித்து, பாக்கிச் சம்பளத்தையும் கொடுத்து, குடும்பத்தோடு கூட்டி வந்தார்.

அடுத்த கூட்டத்தில் லெக்சரரே எழுந்து, "நீங்களே திரும்ப ஏத்துக்கணும் சார். தப்பு எங்களுதுதான்" என்றார். மண்டிக்காரர், "மீரு லேகபோதே இந்த வீடே லேது" என்று கும்பிட்டார். அவர் இல்லையென்றால் இந்த வீடே இல்லையாம்.

கண்டக்டர் மசியவில்லை. "நான் வேணான்னு எறக்கி வுட்டீங்க, எறங்கிட்டேன். இனிமே ஆளுக்கொரு மாசம் டூட்டி. அவனவன் பையத் தூக்கினாத்தான் அதோட கனம் தெரியும்."

தெரிந்தது. மண்டிக்காரர் தம் மாதத்தில் படிக்கட்டு பல்புகளை வெல்ல உருண்டை போலத் தினமும் எண்ணினார். பகலில் எரிந்த பல்பைப் பார்த்தால் படி தாவி ஓடி அணைத்தார். லெக்சரர் தம் மாதத்தில் என் வீட்டுக்கு மூன்று தடவை நடந்தார். மூன்றாம் தடவை, "பூட்டின வீடா இருந்தாலும் கட்டித்தான் ஆகணும் சார்" என்று எனக்கே பாடம் நடத்தினார். என் மாதத்தில் நான் சாக்கடை அடைப்பு எடுக்கிற ஆளிடம் அரை மணி பேரம் பேசினேன், அவர் மூடியைத் திறந்ததும் கேட்டதைக் கொடுத்துவிட்டு ஓடினேன். மெயின்டனன்ஸ் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு எங்களில் யாரும் கேட்டதில்லை. நாற்பது ரூபாயை அறுபது ஆக்கியதும் நாங்களேதான்.

சில வருடம் கழித்து அவருடைய மகளுக்குப் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்தது. முட்டி வைத்தியமும் அங்கேதான் என்று மகள் பிடிவாதம் பிடித்து, அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே பன்னிரண்டு மாடியாம். எல்லாவற்றையும் ஏதோ ஒரு கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்களாம். "ஒண்ணுத்தயும் தொட வுடமாட்றாங்க சார்" என்று போனில் புலம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறாமல் செல்போன் அடிக்கும். நலம் விசாரிப்பெல்லாம் இரண்டே வார்த்தை. "மோட்டாராண்ட போங்க சார். சத்தத்தக் காட்டுங்க" என்பார். நான் படி இறங்கிப் போய், போனை மோட்டார் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

ஒரு ஞாயிறு அவர் கூப்பிட்ட நேரத்தில் கரண்ட் இல்லை. குரல் கொஞ்சம் சோர்ந்திருந்தது. முட்டியில் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறாராம். கரண்ட் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன், யாரும் இல்லை. போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டுகிற வரை, "ஊ...ஊ...ர்ர்ர்" என்று நானே மோட்டாராக ஓடினேன்.

வழக்கம்போல அவர் முழுசாகக் கேட்டார். பிறகு, "பேரிங் லேசா தேஞ்சிருக்குது சார், பாத்துக்குங்க" என்றார்.

"மாத்திடறேன் கண்டக்டர். நீங்க சீக்கிரம் வாங்க" என்றேன்.